பூட்டிய வீடும் நூறு மடங்கு வாடகையும்

மே மாதம் பிறந்துவிட்டால் நான் அப்போது வேலை பார்த்த கிளையில் கேஷ் கவுன்டரைவிட லாக்கர் அறைக்குத்தான் கூட்டம் அதிகம். மும்பைப் புறநகர், சுற்றிலும் நம்மவர்கள் நிறைய. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் ஆரம்பித்துவிடும். கையில் மஞ்சள் பை, முகத்தில் அவசரம். "சார், நாளைக்குக் காலையில ட்ரெயின், கொஞ்சம் சீக்கிரம் திறந்துவிடுங்க." ஜூன் இரண்டாம் வாரம் பள்ளி திறக்கும்போது அதே மஞ்சள் பைகள் திரும்ப வரும். நடுவில் உள்ள ஒரு மாதம் எங்கள் கட்டிடங்களில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். இது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், திருடனுக்கும் தெரியும்.

2022 ஜூனில் ஒரு மாமி என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். கும்பகோணம் பக்கம். கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று, பிறகு காலமாகிவிட்டார். பேத்தி கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்ப் பதினெட்டு நாள் கழித்துத் திரும்பினால், வெளிக்கதவுத் தாழ்ப்பாளோடு பூட்டைப் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். பீரோ திறந்து கிடந்தது. நான்கு வளையல், ஒரு இரட்டை வடச் சங்கிலி, கணவர் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த தோடு. போலீஸில் நகைக்கு ஆதாரம் கேட்டார்களாம். "உங்க லாக்கர்ல முப்பது வருஷமா வச்சிருந்தேனே, அதுக்கு ஒரு லெட்டர் குடுப்பேளா?" என்று கேட்டார்.

கொடுக்க முடியாது. லாக்கருக்குள் என்ன இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அதைச் சொன்னேன். மாமி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு இன்னொரு கேள்வி கேட்டார்.

"சரி, லாக்கர்லயே இருந்து அங்கேருந்து போயிருந்தா, நீங்க குடுத்திருப்பேளா?"

அவர் லாக்கரைத் திருப்பிக் கொடுத்தது 2020 ஜனவரியில். வாடகை ஏறியிருந்தது, குறைக்க முடியுமா என்று கேட்க வந்தார். நான்தான் பேசினேன். "ஒரு ரெண்டு லட்சம் எஃப்டி போடுங்க மாமி, நமக்குள்ள பார்த்துக்கலாம்" என்றேன். இரண்டு லட்சம் அவரிடம் இல்லை. லாக்கருக்காக டெபாசிட் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே சொல்லிவிட்டது; மூன்று வருட வாடகையும் உடைத்துத் திறக்கும் செலவும் அளவுக்கு மட்டும் டெபாசிட் வாங்கலாம். அது தெரிந்துதான் கேட்டேன். வற்புறுத்தவில்லை, சும்மா சொல்லி வைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தது, டார்கெட்டும் இருந்தது. "ரெண்டு வளையலுக்கு எதுக்குப்பா இவ்ளோ" என்று சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அன்று நிம்மதியாகக்கூட இருந்தது.

அதனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம்பி விட்டுப் போன பொருள் போனால் யார் தருவது? நான் படித்தது பி.காம்., சரித்திரம் அல்ல. ஆனாலும் கிடைத்த நேரத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

முதலில் அகப்பட்டது ஒரு நாடகம். சூத்ரகரின் மிருச்சகடிகம், ஆயிரம் வருடங்களுக்கும் மேல் பழையது. பள்ளியில் 'மண்ணியல் சிறுதேர்' என்று பெயர் மட்டும் படித்திருப்போம். அதில் வசந்தசேனை தன் நகைப் பெட்டியைச் சாருதத்தன் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்து வைக்கிறாள். அந்தக் காலத்து சேஃப் டெபாசிட். சர்விலகன் என்பவன் இரவில் வந்து சுவரில் கன்னம் வைக்கிறான். எந்தச் சுவருக்கு எந்த வடிவத்தில் துளை போட வேண்டும் என்று அவனுக்கு ஒரு சாஸ்திரமே இருக்கிறது; செங்கல் சுவர் என்பதால் நிறைகுட வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறான். அளவெடுக்க நூல் கொண்டுவர மறந்துவிட்டதால் பூணூலை வைத்து அளக்கிறான்! உள்ளே போனால் நகைப் பெட்டியைக் காக்க வேண்டிய மைத்ரேயன் தூக்கக் கலக்கத்தில், சாருதத்தன் என்று நினைத்து, தானே எடுத்துத் திருடன் கையில் கொடுத்துவிடுகிறான். (எங்கள் ஆடிட்டர்கள் படிக்க வேண்டிய இடம்.)

எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பிறகு நடப்பது. சாருதத்தன் அப்போது ஏழை. யார் நம்புவார்கள், ஏழை நகையைத் தின்றுவிட்டான் என்றுதானே சொல்வார்கள் என்று கலங்குகிறான். அவன் மனைவி தன்னிடம் மிச்சமிருந்த முத்துமாலையைக் கொடுத்து அனுப்புகிறாள். போன நகையைவிட அது விலை கூடியது. ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை. கொடுத்து வைத்தாள், போய்விட்டது, அதனால் தருகிறேன், அவ்வளவுதான்.

கதையை விடுங்கள், நிஜத்தில் நம் ஊரில் என்ன இருந்தது? காவல் முறை இருந்தது. பழைய கல்வெட்டுகளிலேயே பாடிகாவல் என்ற சொல் வருகிறது. காவலுக்காக ஊர் கொடுக்கும் வரி அது. பிற்காலத்தில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் காவல்காரர்களுக்கு விளைச்சலில் பங்கு, வீட்டுக்கு இவ்வளவு, ஏருக்கு இவ்வளவு என்று ஊர் கொடுத்துவந்தது. அதற்குப் பதில் ஊருக்குள் களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். காவல் கூலியை பிரீமியம் என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், இன்ஷூரன்ஸேதான்.

ரொம்பப் பெருமைப்படவும் வேண்டாம். காவல் கூலி தராத ஊரில் மட்டும் ஆடு மாடு காணாமல் போகும். துப்புக்கூலி கொடுத்தால் மறுநாள் எங்கோ மேய்ந்துகொண்டிருக்கும். காப்பவருக்கும் எடுப்பவருக்கும் நடுவில் கோடு மெல்லியதாகத்தான் இருந்தது. பாளையக்காரர்களை ஒடுக்கிய பிறகு கம்பெனி அரசு அவர்களுடைய காவல் உரிமையைப் பறித்தது. 1816-ல் சென்னை மாகாணத்தில் கிராமப் போலீஸை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. 1859-ல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்து, சீருடை போட்ட இன்றைய போலீஸின் அமைப்பு உருவானது.

இங்கேதான் ஒரு விஷயம் சத்தமில்லாமல் நழுவிப் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். புதிய போலீஸ் வழக்கு எழுதும், விசாரிக்கும், பிடித்தால் கோர்ட்டில் நிறுத்தும். ஆனால் ஈடு கட்டாது. காவல்காரர் தலையில் இருந்த கடன் யார் தலைக்கும் மாறவில்லை, வீட்டுக்காரர் தலைக்கே வந்துவிட்டது.

1860-ல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் குற்றவாளியை மட்டும் துல்லியமாகப் பார்த்தது. அதன் 445-வது பிரிவு 'ஹவுஸ் பிரேக்கிங்' என்றால் என்ன என்று ஆறு வழிகளாகப் பிரித்துச் சொல்லும். அதற்குக் கொடுத்த உதாரணங்களில் முதலாவதே, சுவரில் ஓட்டை போட்டு அதன் வழியாகக் கையை விடுவது. சர்விலகனின் கன்னக்கோல் சட்டப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது பாருங்கள். வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து அதே சாவியால் திறந்து உள்ளே போனாலும் ஹவுஸ் பிரேக்கிங்தான், அதுவும் உதாரணங்களில் உண்டு. பூட்டை உடைத்தால்தான் குற்றம் என்றில்லை. திருடுவதற்காகப் பகலில் இப்படி நுழைந்தால் பத்து வருடம் வரை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் என்றால் பதினாலு வருடம் வரை தண்டனை. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. எண்கள் மாறின (330, 331), பத்தும் பதினாலும் மாறவில்லை. மாமியின் எஃப்.ஐ.ஆர். பழைய சட்டத்தில் போட்டது.

சரி, பூட்டு விஷயத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 1818-ல் சப் என்ற கம்பெனிக்காரர்கள் ஒரு 'டிடெக்டர்' பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். யாராவது கள்ளச் சாவி போட்டால் பூட்டு இறுகிக்கொள்ளும். உரிமையாளர் அடுத்தமுறை சாவி போடும்போதே எவனோ கை வைத்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். இன்று செல்பேசியில் 'டிங்' என்று வருகிறதே, அதன் கொள்ளுத் தாத்தா. பிராமா என்பவரின் பூட்டு லண்டன் கடை ஜன்னலில் அறுபது வருடத்துக்கும் மேலாகத் தொங்கிக்கொண்டிருந்தது, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு. 1851 மாபெரும் கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஹாப்ஸ் என்ற பூட்டுக்காரர் வந்தார். சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிராமா பூட்டுக்குப் பதினாறு நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் ஆனது, ஆனால் திறந்துவிட்டார். பத்திரிகைகள் எல்லாம் புலம்பின. அன்றிலிருந்து திறக்க முடியாத பூட்டு என்று யாராவது சொன்னால் எத்தனை நேரத்தில் திறக்கலாம் என்றுதான் கேட்க வேண்டும்.

நம் பம்பாய்க் கதை இதைவிட எனக்குப் பிடிக்கும். அர்தேஷிர் கோத்ரெஜ் வக்கீலாக இருந்து அதை விட்டவர். அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்து பார்த்தார், 'மேட் இன் இந்தியா' என்று பொறிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததில் அந்த வியாபாரம் போயிற்று. பிறகு பம்பாயில் திருட்டு பெருகுகிறது என்று பேப்பரில் படித்துவிட்டு, கடன் வாங்கி, 1897-ல் லால்பாக்கில் ஒரு சின்ன ஷெட்டில் பூட்டு செய்ய ஆரம்பித்தார். 1902-ல் இரும்புப் பெட்டி. 1923-ல் நம் அம்மாக்களின் பீரோ. 'கோத்ரெஜ் பீரோ' என்று கம்பெனி பெயரே சாமான் பெயராகிப் போன அந்தக் கதை உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டில் தங்கமணிக்கு அவள் அம்மா கொடுத்தது இன்னும் இருக்கிறது. மூன்று டிரான்ஸ்ஃபரில் மூன்று முறை லாரி ஏறி இறங்கியும் கைப்பிடி மட்டும்தான் ஆடுகிறது.

ஆனால் நான் திண்டுக்கல்காரன், எங்கள் ஊர்ப் பூட்டைச் சொல்லாமல் விட முடியுமா? கையால் அடித்துச் செய்வது, ஒவ்வொன்றும் தனி. மாங்காய் வடிவில் மாங்காய்ப் பூட்டு. சாவி திருப்பினால் மணியடிக்கும் மணிப் பூட்டு. சாவித் துளையே வெளியில் தெரியாத ரகங்கள் உண்டு. ஒரு குமிழை அமுக்கினால்தான் துளை வெளியே வரும். அலிகார் இயந்திரப் பூட்டுகள் விலையில் அடித்துத் தள்ளிவிட்டன, பட்டறைகள் குறைந்துபோயின. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் பட்டாசு வெடிக்காத குறை. எங்கள் தாத்தா நெல் அறைக்குப் போட்ட மாங்காய்ப் பூட்டு ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அதை இங்கே கொண்டுவந்து வாசலில் மாட்டலாமா என்று ஒருமுறை கேட்டேன். "கதவு தாங்காது" என்றாள் தங்கமணி. மாமி வீட்டில் நடந்ததும் அதுதானே. பூட்டு முழுசாகவே இருந்தது, கதவில் திருகிய தாழ்ப்பாள்தான் பெயர்ந்தது. இரண்டாயிரம் ரூபாய்ப் பூட்டை இரண்டு ரூபாய் ஸ்க்ரூவில் தொங்க விடுகிறோம்.

வீட்டுப் பூட்டை நம்ப முடியாது என்ற இடத்தில்தான் லாக்கர் பிறந்தது. நியூயார்க்கில் 1865-ல் இதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். லண்டன் சான்சரி லேனில் 1885-ல் வந்தது. நம் ஊரில் வங்கிகள் 1969 தேசியமயத்துக்குப் பிறகு மூலை முடுக்கெல்லாம் கிளை திறக்க, நடுத்தர வர்க்கத்துக்கும் லாக்கர் எட்டியது. இரண்டு சாவி இருந்தால்தான் திறக்கும், ஒன்று எங்களிடம், ஒன்று உங்களிடம். மூடுவதற்கு உங்கள் சாவி மட்டும் போதும். உங்கள் சாவிக்கு டூப்ளிகேட் எங்களிடம் கிடையாது. தொலைத்தால் ஆள் வந்து உடைக்க வேண்டும், செலவு உங்களுடையது.

இவ்வளவு இருந்தும், பல பத்தாண்டுகளாக ஒப்பந்தத்தில் நாங்கள் எழுதி வாங்கிக்கொண்டது இதுதான்: வங்கி இடத்தை வாடகைக்கு விட்டிருக்கிறது, உள்ளே இருப்பதற்குப் பொறுப்பில்லை. சாருதத்தன் காட்டிய வழி அல்ல, வீட்டுச் சொந்தக்காரன் வாடகைக்காரனிடம் சொல்லும் வழி. கையெழுத்துப் போட்டவர்களில் படித்துப் பார்த்தவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

இது மாறியதற்குக் காரணம் கொல்கத்தாவில் ஒரு குடும்பம். தாயார் 1950களில் எடுத்த லாக்கர். வாடகை பாக்கி என்று வங்கி 1994 செப்டம்பரில் லாக்கரை உடைத்துத் திறந்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. பாக்கியோ ஜூனிலேயே கட்டப்பட்டிருந்தது. ஏழு நகைகளில் இரண்டுதான் திரும்பி வந்தன என்று மகன் வழக்குப் போட்டார். நுகர்வோர் மன்றம், மாநில ஆணையம், தேசிய ஆணையம் என்று ஏறி, 2021 பிப்ரவரி 19-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உள்ளே என்ன இருந்தது என்பதை சிவில் கோர்ட்டில்தான் நிரூபிக்க வேண்டும், ஆனால் லாக்கரை முறைப்படி காக்க வேண்டியது வங்கியின் கடமை, அதிலிருந்து கைகழுவ முடியாது என்றது. வங்கி ஐந்து லட்சம் நஷ்டஈடு தர வேண்டும்; தவறு செய்த அலுவலர்கள் இன்னும் வேலையில் இருந்தால் அவர்கள் சம்பளத்தில் பிடிக்கலாம். இந்த வரியை எங்கள் கிளையில் எல்லோரும் இரண்டு முறை படித்தோம் :)

ஆறு மாதத்துக்குள் விதிமுறை வகுக்கும்படி ரிசர்வ் வங்கிக்கும் உத்தரவு. 2021 ஆகஸ்ட் 18-ல் அறிவிப்பு வந்து 2022 ஜனவரி 1 முதல் அமலானது. தீ, திருட்டு, கொள்ளை, கட்டிடம் இடிவது, வங்கி ஊழியரின் மோசடி, இவற்றால் நஷ்டம் என்றால் வங்கி தர வேண்டியது ஆண்டு வாடகையின் நூறு மடங்கு. வெள்ளம், பூகம்பம், இடி என்றால் கிடையாது. லாக்கர் திறந்தால் அன்றைக்கே எஸ்.எம்.எஸ். வர வேண்டும். கேமரா பதிவை 180 நாளாவது வைத்திருக்க வேண்டும். உங்கள் செல்பேசி எண் மாறியிருந்தால் முதலில் அதைப் போய் மாற்றுங்கள், ஊருக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலைகளில் இது பூட்டு வாங்குவதைவிட முக்கியம்.

ஆக, மாமி கேள்வி கேட்ட ஜூன் மாதத்தில் சரியான பதில், 'ஆமாம், நூறு மடங்கு வரை' என்பது. ஐந்து மாதம் முன்பு வரை சரியான பதில், 'இல்லை'. நான் அன்று இரண்டையும் சொல்லவில்லை. "பார்க்கலாம் மாமி, காபி சாப்பிடறீங்களா?" என்றேன்.

இன்ஷூரன்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நாங்களே விற்பதால் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம். வீட்டுக் கடனோடு சேர்த்து 'வீட்டு இன்ஷூரன்ஸ் இருக்கு சார்' என்று பலர் நிம்மதியாக இருக்கிறீர்கள். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுப் பாலிசி தீ, புயல், வெள்ளம் போன்றவற்றுக்கானது. அதில் திருட்டு என்பது அப்படி ஒரு விபத்து நடந்து ஏழு நாளுக்குள் நடந்த திருட்டு மட்டும். சாதாரணமாகப் பூட்டை உடைத்து எடுத்துப் போனால் அதில் வராது, அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். தனியாக எடுத்தாலும் வீடு தொடர்ந்து இத்தனை நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் ஈடு இல்லை என்ற ஷரத்து பல பாலிசிகளில் ஒளிந்திருக்கும். நாள் கணக்கு பாலிசிக்குப் பாலிசி வேறு. ஊரில் ஒரு மாதம் இருக்கப் போகிற நாம்தான் அதைத் தேடிப் படிக்க வேண்டும். நகைக்கு வாங்கிய பில், போட்டுக்கொண்டு எடுத்த போட்டோ, இரண்டையும் வீட்டுக்கு வெளியே எங்காவது வையுங்கள். மாமியிடம் இருந்த ஒரே ஆதாரம் 1987-ல் எடுத்த ஒரு கல்யாண போட்டோ. அதில் சங்கிலி தெரிந்தது, வளையல் புடவைத் தலைப்பில் மறைந்துபோயிருந்தது.

நகை திரும்பக் கிடைக்கவில்லை.

2023-ல் பழைய லாக்கர்காரர்கள் எல்லோரிடமும் புது ஒப்பந்தம் வாங்க வேண்டியிருந்தது. முத்திரைத்தாள், கையெழுத்து, வரிசை, சண்டை, எல்லாம் உண்டு. அந்தக் களேபரத்தில் மாமி மறுபடி வந்தார். சின்ன லாக்கர் ஒன்று வேண்டும் என்றார். பட்டியலில் பெயர் எழுதி, முறை வந்ததும் கொடுத்தேன், எஃப்டி பேச்சே எடுக்கவில்லை. வைக்க நகை எதுவும் இல்லை. வீட்டுப் பத்திரமும் அந்தக் கல்யாண போட்டோவும்தான்.

ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தார். என் இருபது வருட சர்வீஸில் முதல் ஆள். பின்னால் நின்றவர் முனகினார், மாமி கண்டுகொள்ளவில்லை. நூறு மடங்கு என்ற இடத்தில் விரலை வைத்து, "வாடகை எவ்வளவு?" என்றார். இரண்டாயிரம் என்றேன், வரி தனி.

"அப்போ ரெண்டு லட்சம்."

"ஆமா மாமி."

மனசுக்குள் பவுன் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. பிறகு பேனாவைத் திறந்தபடியே கேட்டார். "இந்த போட்டோவுக்கும் ரெண்டு லட்சம் குடுப்பேளா?"

நானும் சிரித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஊரில் இருக்கப் போகிறார் என்பதை ஒரு சீட்டில் எழுதி, ஒன்றைச் செக்யூரிட்டிக்கும் ஒன்றைப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கொடுக்கச் சொன்னேன். மூன்றாவதாக ஒன்று எழுதி என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.